எட்டு வோல்ட் என்னும் பொய்

தெர்மாகோல் அறுக்கும் சூட்டுக் கம்பிக்கு, இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து வீட்டு மின்சாரத்தை நேரே கொடுக்கும் முறையை ‘ஏழை மாணவனின் புத்திசாலித்தனம்’ என்று இனியும் பாராட்டாதீர்கள். அது பாதி படித்த இயற்பியல். கொழிஞ்சாம்பாறை, மறையூர், வண்டிப்பெரியாறு என எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் கண்காட்சி மாதிரிகள் செய்யக் கற்றுத்தரச் செல்லும் ஆய்வு மாணவர்களுக்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு.

ஆதரவாளர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 0.4 மி.மீ. விட்டமுள்ள நிக்ரோம் கம்பி, 30 செ.மீ. நீளத்திற்கு ஏறத்தாழ 2.6 ஓம். 750 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 70 ஓம். 230 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகப் பாயும். கம்பியின் இரு முனைகளுக்கிடையே 8 வோல்ட்தான் இருக்கும். “எட்டு வோல்ட் யாரைக் கொல்லும்?” என்கிறார்கள். கணக்கு சரி, கேள்விதான் தவறு. தொடுகிறவர் கம்பியின் இரு முனைகளுக்கிடையே நிற்கவில்லை. கம்பிக்கும் தரைக்கும் இடையே நிற்கிறார். ஃபேஸ் கம்பியின் பக்கமாக நுழைந்தால், அதன் ஒவ்வொரு புள்ளியும் தரையைப் பொறுத்து 220 வோல்ட்டுக்கு மேல். பெட்டியை ஃபேஸ் பக்கம் மாற்றினாலும் தீராது: கம்பி அறுந்தால் ஃபேஸ் பக்கத் துண்டில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். உடலின் மின்தடையை 1000 ஓம் எனக் கொண்டால் 200 மில்லியாம்பியருக்கு மேல் பாயும். இதயத்துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். 6 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது.

திறந்த கம்பியில் வீட்டு மின்சாரம் என்ன செய்யும் என்பதைப் பாலக்காட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளி வயலில், பன்றிக்கென்று இழுத்த மின்கம்பியில் இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். அதைக் குற்றம் என்கிறோம். அதே மின்சாரத்தை மாணவனின் விரலருகே திறந்த கம்பியில் விடுவதைப் புத்தாக்கம் என்கிறோம். முறையான வேலிக்கருவிகூட மின்மாற்றியால் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பையே அனுப்புகிறது. பன்றிக்குக் காட்டும் அக்கறை மாணவனுக்கு வேண்டாமா?

மாற்று வழி கடினமானதன்று. முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் தனித்தனியாக உள்ள 12 வோல்ட், 5 ஆம்பியர் மின்மாற்றி. முதன்மைப் பக்கம் அரை ஆம்பியர் மந்த ஃபியூஸ், துணைப் பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸ். மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்துக்கும் உலோகப் பெட்டிக்கும் எர்த். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு துணைப் பக்கத்தில் இருக்கட்டும். விளக்கு டிம்மரும் ஒற்றைச் சுருள் வேரியாக்கும் மின்னழுத்தத்தைக் குறைக்கும். மின்சாரத்தைப் பிரித்துத் தராது. ஆர்.சி.சி.பி. இருந்தால் நல்லது, ஆனால் அது இரண்டாம் அரண் மட்டுமே. கம்பி சிவக்கக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

“செலவு அதிகம்” என்பது கடைசி வாதம். ஒரு பள்ளிக்கு ஒரு மின்மாற்றி போதும்; பல ஆண்டுகள் உழைக்கும். பயிலரங்கின் தேநீர்ச் செலவுக்கு ரசீது வைக்கத் தெரிந்த நமக்கு இதை நிதிக் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கத் தெரியாதா? மலையோரப் பிள்ளை என்பதற்காகக் குறைந்த பாதுகாப்பே போதும் என்று கருதுவது சிக்கனமாகாது. அவன் உயிருக்கு நாம் குறைத்துப் போட்ட விலை அது. அடுத்த பயிலரங்குக்குப் புறப்படும் முன் பையில் மின்மாற்றி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்று கத்தியால் அறுக்கக் கற்றுக்கொடுங்கள்.