மோர்டோர் படைக்குச் சோறு போட்டது யார்?

1937-ல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலின் முதல் அத்தியாயத்தில், விருந்தாளியாக வந்து உட்கார்ந்த மந்திரவாதி காண்டால்ஃப், ஆறிய கோழிக்கறியும் தக்காளியும் கொண்டுவரச் சொல்கிறார். 1966-ல் வந்த திருத்திய பதிப்பில் கோழிக்கறி அப்படியே இருக்கிறது. தக்காளி போய் ஊறுகாய் வந்துவிட்டது. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த உலகம் பழைய ஐரோப்பாவின் சாயல் கொண்டது. தக்காளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த சரக்கு. அது அங்கே எப்படி முளைத்தது என்ற உறுத்தல்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும். (அதே கண்டத்துச் சரக்கான உருளைக்கிழங்கையோ அவர் கடைசிவரை கைவிடவில்லை. பிரியம் யாரை விட்டது!)

ஒரு தக்காளிக்காக ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துப் பேனாவை எடுத்தவரைப் பார்த்து, கற்பனை உலகம் படைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான பாடத்தையே கற்றுக்கொள்கிறார்கள். விவரம் நிறைய வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆயிரம் வருட வம்சாவளி, ஏழு குலங்கள், குலத்துக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு கதை. நோட்டுப் புத்தகம் நிரம்பிய பிறகு, அந்த நாட்டில் தானியம் எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

டோல்கீனிடம் இருந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தில் கதை நாயகர்களான ஃப்ரோடோவும் சாமும் எதிரியின் நாடான மோர்டோருக்குள் வந்து சேர்கிறார்கள். முட்புதரைத் தவிர வேறெதுவும் பிழைக்காத மண். சாம்பல், கரும்பாறை, புகை கக்கும் மலை. அந்த வெளியெங்கும் கூடாரம் கூடாரமாகப் படை. இத்தனை பேருக்கும் யார் சோறு போடுவது என்ற சந்தேகம் வாசகருக்கு எழும் இடத்திலேயே ஆசிரியர் குறுக்கிட்டுச் சொல்கிறார்: தெற்கே, மலைப்புகைக்கு அப்பால், நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகள் பாடுபடும் பெருவயல்கள் இருக்கின்றன. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள கப்பம் கட்டும் நாடுகளிலிருந்து சரக்கும் கொள்ளைப் பொருளும் புது அடிமைகளும் ஏற்றிய வண்டிகள் வரிசையாக வருகின்றன. அவ்வளவுதான். ஃப்ரோடோவும் சாமும் அந்த வயல்களைக் கடைசிவரை பார்ப்பதில்லை; அப்படியொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

போர் ஓய்ந்த பிறகு, புதிய மன்னன் அரகார்ன் அந்த அடிமைகளை விடுவித்து, ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறான். இதுவும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் சோற்றுக்கணக்காகத் தொடங்கிய விவரம் இங்கே நிலச் சீர்திருத்தமாகிவிட்டது. மோர்டோரின் அதிபதி எவ்வளவு கொடியவன் என்பதை அவனுடைய எரியும் கண்ணைவிட, அவன் வயலில் யார் முதுகொடிந்தார்கள் என்பது தெளிவாகச் சொல்கிறது. நல்ல பின்புல விவரத்துக்கு இதுதான் அடையாளம். ஓட்டையை அடைக்கத்தான் உள்ளே வருகிறது. வந்த பிறகு கதையில் தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக்கொள்கிறது.

காலக் கணக்கிலும் அவர் கறார்தான். 1944-ல், விமானப் படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில் நிலாவைப் பற்றிப் புலம்புகிறார். கதையில் அது ஓரிடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைந்துகொண்டிருந்ததாம். பழைய அத்தியாயங்களைத் திருத்துவதில் ஒரு பிற்பகல் முழுக்கப் போயிற்று. இன்று வாசிக்கிற யாரும் நிலாவைப் பாராட்டப் போவதில்லை. தவறாக இருந்திருந்தால் மட்டும் எவராவது ஒருவர் கண்டுபிடித்திருப்பார்.

உலகம் படைக்கப் பூதமும் மந்திரமும் வேண்டும் என்பதில்லை. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் 1935-ல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் தொடங்கிவைத்த மால்குடி இதற்குச் சாட்சி. 1952-ல் வந்த 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' நாவலில், கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் மார்கய்யா ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பெட்டிக்குள் பேனா, மைக்கூடு, சின்னப் பதிவேடு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதே வங்கியின் கடன் விண்ணப்பப் படிவங்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு வங்கி எட்டாத தூரத்தில் இருக்கிறது. மார்கய்யா எட்டுகிற தூரத்தில் இருக்கிறார். அந்த ஊரில் யாருக்கு எழுத்து தெரியும், யாருக்குக் கடன் கிடைக்கும், இடையில் யார் பிழைக்கிறார்கள் என்ற மூன்றும் அந்தப் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிடுகிறது. மால்குடிக்கு மன்னர் பட்டியல் எதையும் நாராயண் எழுதவில்லை. இருந்தும் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இலக்கிய வரைபட நூல் ஒன்று, இந்திய வரைபடத்தில் மால்குடிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது.

சினிமாவின் கணக்கு வேறு. 'பாகுபலி' (2015) படத்தின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழிக்குச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் உண்டு. ஒரு சொல்லும் புரியாமலேயே அரங்கம் மிரண்டது. அந்த உழைப்பு வீண் போகவில்லை. ஆனால் மகிழ்மதி நாட்டின் வாசலில் வந்து நின்ற காலகேயர்களின் பெரும்படை எதைத் தின்று அவ்வளவு தூரம் வந்தது என்று படம் சொல்லவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை. போர்க்களக் காட்சியின் வேகத்தில் அந்தச் சலுகை கிடைத்துவிடுகிறது. நாவலுக்கு அது கிடையாது. வாசகர் புத்தகத்தை மூடி வைக்கிறார், தூங்குகிறார், மறுநாள் திறக்கிறார். நடுவில் ஓர் இரவு முழுக்கக் கேள்வி கேட்க நேரமிருக்கிறது.

அப்படியானால் வம்சாவளியே எழுதக் கூடாதா என்றால், தாராளமாக எழுதலாம். முதல் அத்தியாயத்தில் வைக்காமல் இருந்தால் போதும். டோல்கீனுக்கும் மன்னர் பட்டியல், நாட்காட்டி, எழுத்து முறை எல்லாம் உண்டு. அவற்றை மூன்றாம் பாகத்தின் கடைசியில் பிற்சேர்க்கையாகத் தள்ளினார். முதல் இரண்டு பாகங்களும் 1954-ல் வந்துவிட, மூன்றாவது 1955 அக்டோபர்வரை இழுத்ததற்கு அந்தப் பிற்சேர்க்கைகளும் ஒரு காரணம். பதிப்பகமும் வாசகர்களும் காத்திருந்து அலுத்துப்போனார்கள். காத்திருந்தவர்களில் கதையோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் எந்த நஷ்டமும் இல்லை.