பீதாம்பரி நீலம் வாங்கப் போகிறீர்களா?

ஒரே கல்லில் பாதி நீலம், பாதி மஞ்சள். பார்த்தவுடனே மனசு மயங்கத்தான் செய்யும். வடக்கே இதற்குப் 'பீதாம்பரி நீலம்' என்று பெயர். இப்போது நம் ஊர்க் கடைகளிலும் அந்தப் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். நீலம் சனி பகவானுக்கு, மஞ்சள் குரு பகவானுக்கு, இரண்டும் ஒரே மோதிரத்தில் வந்துவிட்டால் இரண்டு கல் வாங்கும் செலவு மிச்சம் என்று கணக்கு வேறு போட்டுக் காட்டுவார்கள்.

ஜோசிய விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் கடைக்குப் போய்விட்டால் கல்லும் ஒரு சரக்குதான். கால் கிலோ புளி வாங்கினாலும் கொட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கிறோம். சுண்டுவிரல் நகம் அளவு கல்லுக்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும்?

கத்திக்குச் சாணை பிடிக்கும் குருந்தக் கல் தெரியுமல்லவா? நீலம், கெம்பு, கனக புஷ்பராகம் எல்லாம் அந்தக் குருந்த ஜாதிதான். இங்கிலீஷில் 'கொரண்டம்' என்று சொல்கிறார்களே, அந்த வார்த்தையே நம் 'குருந்தம்' போய்ச் சேர்ந்ததுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. இரும்பும் டைட்டானியமும் துளியூண்டு சேர்ந்தால் நீலம். இரும்பு மட்டும் இருந்தால் மஞ்சள். குரோமியம் சேர்ந்தால் இளஞ்சிவப்பு, கூடுதலாகச் சேர்ந்தால் கெம்பு. பூமிக்கு அடியில் கல் வளர்ந்து வரும்போது, நடுவில் இந்தச் சரக்குகளின் அளவு மாறினால் நிறமும் அங்கே மாறிவிடுகிறது. அப்படிப் பிறந்ததுதான் இரட்டை நிறக் கல்.

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் குழி வெட்டி, கல் கிடக்கும் சரளை மண்ணை அள்ளிக் கழுவுவார்கள். அந்த மண்ணுக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயராம். எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அந்த இல்லத்திலிருந்து நீலமும் மஞ்சளும் கலந்த அழகான கற்கள் வருகின்றன. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவில் 1998-ல் இலக்காக்கா என்ற ஊரில் கல் அகப்பட்ட பிறகு அங்கிருந்தும் நிறைய வருகிறது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துக் கற்கள் நீலம், பச்சை, மஞ்சள் என்று கலவையாக, கொஞ்சம் இருட்டாக இருக்கும். எல்லாவற்றுக்கும் 'சிலோன் கல்' என்று ஒரே பேரைச் சொல்லி விற்பது வியாபாரிகளின் வழக்கம். ஊர்ப் பேருக்கு என்று தனியாகப் பணம் கேட்டால், அந்த ஊர்ப் பேரைச் சர்டிபிகேட்டில் எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

என் சின்ன மாமனார் பல வருஷம் கல் தரகராக இருந்தவர். கடைக்குள் போனதும் அவர் முதலில் கேட்பது ஒரு வெள்ளைத் தாள். அதற்குப் பிறகு வாசல் பக்கம் வந்துவிடுவார். கடை விளக்கு இருக்கிறதே, அது சும்மா மாட்டியது இல்லை. மஞ்சள் பல்பில் மஞ்சள் பாகம் தேனாக ஜொலிக்கும், நீலம் கறுத்துவிடும். வெள்ளை வெளேரென்ற விளக்கில் நீலம் தூக்கிக் காட்டும். காலை பத்து மணி வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், வெள்ளைத் தாளின் மேல் கல்லை வைத்துப் பாருங்கள். அதுதான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிற நிறம்.

மேலிருந்து பாருங்கள். இது ரொம்ப முக்கியம். விரலில் போட்டுக்கொண்டால் கல்லின் மேல்முகம் மட்டும்தானே தெரியப் போகிறது? மேலிருந்து பார்க்கும்போதே இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது இரட்டை நிறக் கல். வெளிறிய கல்லின் அடிமுனையில் பொட்டு மாதிரி துளி நீலம் இருக்கும்படி பட்டை தீட்டுகிற சாமர்த்தியம் ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் கல் பூராவும் நீலமாகவே தெரியும், கவிழ்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அது பொய்க் கல் இல்லை. ஆனால் அதைக் கவிழ்த்துக் காட்டி, "பாருங்கம்மா, ரெண்டு கலர், அபூர்வம்" என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு நிறமும் சரிபாதியாக, நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்திருந்தால் அதற்குத்தான் மதிப்பு. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் ஒதுங்கிக் கிடந்தால் மதிப்புக் குறைவு. நிறம் ஒன்றில் ஒன்று மெல்லக் கரைந்து போகிற கல்லை விரும்புகிறவர்களும் உண்டு, எனக்கே அதுதான் பிடிக்கும். ஆனால் எப்படிப் பிரிந்திருந்தாலும் இரண்டு நிறமும் தெளிவாக இருக்க வேண்டும். நீலத்தில் சாம்பல், மஞ்சளில் பழுப்பு ஏறியிருந்தால் கல் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். நடுவில் கொஞ்சம் பச்சை தெரிந்தால் பயப்பட வேண்டாம். கல்லுக்குள் வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும்போது நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகத் தோன்றுவதுதான்.

அப்படியே அந்தக் கல்லை ஒரு செய்தித்தாளின் மேல் வையுங்கள். கல்லின் நடுவே எழுத்து படிக்க முடிகிறதா? அப்படியானால் பட்டை சரியாகத் தீட்டவில்லை, வெளிச்சம் திரும்பி வராமல் ஓட்டை வழியாகப் போய்விடுகிறது என்று அர்த்தம். பக்கவாட்டிலும் பாருங்கள். அடிவயிறு தொப்பையாகத் தொங்கினால், கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். எடையைக் கேரட்டிலேயே கேளுங்கள். ஒரு கேரட் 200 மில்லிகிராம், ஐந்து கேரட் ஒரு கிராம். 'ரத்தி' கணக்குச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரத்தி கடைக்குக் கடை மாறும், கேரட் மாறாது.

இனி ஏமாற்றுகளுக்கு வருவோம். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. மாப்பிள்ளைக்கு நிச்சயதார்த்த மோதிரம் போடுவதற்காக, இரண்டு வருஷம் கட்டின சீட்டை எடுத்து ஒரு பீதாம்பரிக் கல் பார்த்து வைத்தாள். கடைக்காரர் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, "மூணு நாள் தலைமாட்டுல வெச்சுப் பாருங்க, கெட்ட கனா வந்தா திருப்பிக் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நீலத்துக்கு இது நம் ஊரில் பழைய வழக்கம்தானே.

என்னிடம் காட்ட வந்தாள். "என்னடி, ரெண்டு நாளா நல்லாத்தான் தூங்கறேன், வாங்கிடலாமா?" என்றாள்.

"தூக்கம் இருக்கட்டும் அக்கா, ஒரு வெள்ளைக் கிண்ணத்துல தண்ணி கொண்டா" என்றேன்.

தண்ணீருக்குள் கல்லைப் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தோம. இடுப்பு வரைக்கும் மேல்பாகம் வெளிர் மஞ்சள், இடுப்புக்குக் கீழே ஒரே சீராக நீலம். நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு கல்லைச் சுற்றி ஓடியது. ஒட்டுக் கல்! மேலே மலிவான இயற்கைக் கல் ஒரு சில்லு, அடியில் செயற்கைக் கல், நடுவில் பசை. அக்கா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்ததால் பணம் திரும்பி வந்தது. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனவு வந்ததா என்றுகூடக் கேட்கவில்லையாம்!

எனவே அந்த மூன்று நாளை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கல் தலைமாட்டில் இருக்கிற நேரம் போக, பகலில் அதை லேபுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனிக்கலாம். குருந்தம் ஆறு பக்கமாக வளர்கிற படிகம். அதனால் இயற்கையான நிறப் பிரிவு நேர்கோடாகவோ, கோணமாக மடங்கியோதான் போகும். வில் மாதிரி வளைந்த கோடுகள் தெரிந்தால் நெருப்பில் உருக்கிச் செய்த செயற்கைக் கல். பிரெஞ்சு விஞ்ஞானி வெர்னெய் 1902-ல் இந்த முறையை வெளியிட்டார், அன்றிலிருந்து இன்றுவரை அது மலிவாக வந்துகொண்டிருக்கிறது. நிறம் கல்லின் உள்ளே பரவாமல் பட்டைகளின் ஓரத்தையே ஒட்டி அடர்ந்திருந்தால், வெளியிலிருந்து நிறம் ஏற்றிய கல். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உருண்டையான குமிழி தெரிந்தால் கண்ணாடியாகவோ செயற்கையாகவோ இருக்கலாம். உள்ளே மெல்லிய ஊசி ஊசியாகப் பட்டுநூல் மாதிரி தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அது முழுசாக இருப்பது, கடுஞ்சூட்டில் போடாத கல் என்பதற்கு ஒரு நல்ல அடையாளம். மாசு மருவே இல்லாத பெரிய கல் கொஞ்ச விலைக்கு வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும், அதுதான் அசல் என்று ஒரு சோதனை சொல்வார்கள். நல்ல நீலக் கண்ணாடித் துண்டைப் போட்டுப் பாருங்கள், அதுவும் நீலமாகத்தான் காட்டும். கண்ணாடியில் கீறிக் காட்டுவதும் அப்படித்தான். நீலத்தின் கடினம் 9, வைரம்தான் அதற்கு மேல். ஆனால் செயற்கை நீலத்துக்கும் அதே 9. அதனால் கண்ணாடியைக் கீறியதால் நிரூபணமாவது ஒன்றுமில்லை.

சூடு பண்ணுவது என்பது கல் வியாபாரத்தில் சாதாரணம். அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, விலை மட்டும் குறைய வேண்டும். 2001, 2002 வாக்கில் வந்தது வேறு விஷயம். பெரிலியம் என்ற பொருளைச் சேர்த்துக் கடுஞ்சூட்டில் வைத்து, வெளிறிய கல்லுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் ஏற்றினார்கள். உங்கள் கல்லின் மஞ்சள் பாதி அப்படி வந்ததா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. விசேஷக் கருவி உள்ள பெரிய லேபில்தான் தெரியும். அதனால் பெரிய தொகை என்றால் லேப் சர்டிபிகேட் இல்லாமல் நகராதீர்கள். கடைக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் அட்டை போதாது. ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் தனி லேப்கள் இருக்கின்றன. இலங்கை போகிறவர்களுக்கு அங்கே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் சோதனைக்கூடம் இருக்கிறது. சர்டிபிகேட்டில் உள்ள எடையும் மில்லிமீட்டர் அளவும் கையில் இருக்கும் கல்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சூடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். விலை அதில் இருக்காது, அதை நீங்கள்தான் பேச வேண்டும்.

பில்லில் வெறுமே 'புஷ்பராகம்' என்று எழுதினாலும் விடாதீர்கள். நம் பேச்சில் டோபாஸுக்கும் அந்தப் பேர் உண்டு. 'இயற்கை சஃபயர், இரட்டை நிறம், இத்தனை கேரட்' என்று எழுதச் சொல்லுங்கள்.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வெகுகாலம் இரட்டை நிறத்தை ஒரு குறையாகத்தான் வியாபாரிகள் பார்த்தார்கள். ஆஸ்திரேலியக் கற்களை மட்டமாக ஒதுக்கிய காலம் உண்டு. இப்போது வெளிநாட்டில் கல்யாண மோதிரத்துக்கு அவற்றைத் தேடி வாங்குகிறார்கள் என்பது நிஜம்தான். ஆனாலும் அதே எடையில் நல்ல ஒற்றை நீலத்துக்கு உள்ள விலையை, சாதாரண இரட்டை நிறக் கல்லுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. 'அபூர்வம்' என்ற வார்த்தை வந்தால், நாலு கடையில் ஏறி இறங்கி விசாரியுங்கள். கேரட் கூடக் கூட, ஒரு கேரட்டுக்கான விலையும் ஏறும் என்பதால் ஒரே அளவுள்ள கற்களையே ஒப்பிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரம் வந்தால் தங்கத்தை அரை மணியில் அடகு வைத்துவிடலாம். கல்லை வைத்துக்கொள்ள எந்த பாங்கும் முன்வராது. மோதிரத்தைக் கொடுத்தால்கூடக் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். திருப்பி விற்கப் போனாலும் வாங்கின விலையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். குழந்தையின் படிப்புக்கென்று வைத்த பணத்தில் இதைத் தொடாதீர்கள். ஆசைக்கு வாங்குவது வேறு.

கல்லை உதிரியாகவே வாங்குங்கள். பின்பக்கம் மூடிக் கட்டின மோதிரத்தில், அடியில் என்ன தகடு, என்ன சாயம் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? வாங்கிய பிறகு பத்தரிடம் கொடுக்கும்போது, பின்பக்கம் திறந்த கட்டடமாகவும், நிறக்கோடு விரலுக்குக் குறுக்கேயா நெடுக்கேயா என்பதை முன்பே சொல்லியும் கட்டச் சொல்லுங்கள். கல் பதித்த பிறகு ஊதுகுழல் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. வெண்காரம் பட்ட இடத்தில் சூடு ஏறினால் நீலத்தின் மேல்பளபளப்பே அரித்துப் போகும். பிற்பாடு மோதிரத்தைப் பெரிசு பண்ணக் கொடுத்தாலும் கல்லைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் குழந்தையின் பழைய பல் பிரஷ்ஷும் போதும்.

முத்தும் பவழமும் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குச் சோப்பும் ஆகாது, வேர்வையும் ஆகாது. அது அடுத்த இதழில்.