பகா எண்ணும் நம் பெருமிதமும்

மீலாது மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் முஸ்லிம் அறிஞர்கள் கணிதத்திற்கு ஆற்றிய தொண்டு பற்றிக் கேட்டு மகிழ்கிறோம். பெயர்கள் அடுக்கப்படுகின்றன, கரவொலி எழுகிறது. அவர்கள் கண்டது யாது என வினவின், அவையில் அமைதியே நிலவுகிறது. இத்தகைய பெருமிதம் போதாது என்பது எம் துணிபு.

ஒரு சான்று காண்போம். ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பகா எண்ணின் பண்பொன்றைத் தம் கணக்குகளில் கையாண்டார். 7 ஒரு பகா எண். 1 முதல் 6 வரையுள்ள எண்களின் பெருக்கம் 720. அதனோடு ஒன்றைக் கூட்டின் 721. இது 7ஆல் மீதியின்றி வகுபடும். 6க்கு இவ்வாறு செய்தால் 121 வரும். அது 6ஆல் வகுபடாது. ஒன்றுக்கு மேற்பட்ட எண்களில் பகா எண்கள் மட்டுமே இச்சோதனையில் தேறும். பாடநூல்கள் இதனை வில்சன் தேற்றம் என்கின்றன. வேரிங் என்பார் 1770இல் தம் மாணவர் வில்சனின் பெயரால் வெளியிட்டமையே காரணம். பெயருக்காக வழக்காடுதல் நம் நோக்கமன்று.

பிழையற்ற இச்சோதனை பேரெண்களுக்குப் பயன்படாது என்பதே வியப்பு. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் உடையது. அதற்கு முந்திய எண்களையெல்லாம் பெருக்கிப் பார்க்க எக்கணிப்பொறியாலும் இயலாது. அவ்வெண்ணின் தனி அமைப்புக்கேற்ற வேறு சோதனையே அதனை உறுதி செய்தது. எந்த எண்ணுக்கும் பொருந்தும், ஐயத்திற்கிடமற்ற விரைவு முறையொன்றை 2002இல் தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சார்ந்த அக்ரவால், கயால், சக்சேனா ஆகிய மூவர்.

இப்பண்பை ஒட்டி மேலும் வினவியவர் ஒரு தமிழர்: எஸ்.எஸ். பிள்ளை. 1901இல் பிறந்து, நாகர்கோயில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1 முதல் 14 வரையுள்ள எண்களின் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 23ஆல் வகுபடுகிறது. ஆயின் 23இல் ஒன்று குறைந்த 22ஐ 14 வகுப்பதில்லை. இத்தகைய இயல்புடையவை இன்று 'பிள்ளை பகா எண்கள்' எனப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23. அவை எண்ணிறந்தன என்பதும் நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று பிள்ளை விமான விபத்தில் மறைந்தார். விபத்து நேர்ந்தது கெய்ரோவுக்கு அருகில். இப்னுல் ஹைதம் வாழ்ந்த அதே கெய்ரோ!

முன்னோர் கண்டதைப் போற்றியதோடு பிள்ளை அமையவில்லை. அதனின்றும் புதிய வினாவை எழுப்பினார். நம் பிள்ளைகளோ இவ்விருவருள் ஒருவரையும் அறியாமலே பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். "கணக்கு எங்களுக்கெதற்கு?" என்னும் தமிழ் மாணவரும், "தமிழில் கணிதம் கூறவியலுமா?" என்னும் கணித மாணவரும் ஒரே வளாகத்தில் உலவுகின்றனர். மேலே கூறியவை அனைத்தும் தமிழில் கூறப்பட்டவையே.

ஆதலின் ஒன்றை முன்மொழிகிறோம். மாணவர் பலர் தங்கிப் பயிலும் கே.கே. நகரில் ஓர் அரங்கைத் தேர்ந்து, தமிழ்த்துறையும் கணிதத்துறையும் இணைந்து திங்கள்தோறும் ஒரு மாலைப் பொழிவு நடத்தட்டும். மேனிலைப் பள்ளி மாணவரையும் அழைக்கலாம். பெரியோர் அரங்க வாடகையை ஏற்பின் நன்று. முதற் பொழிவுக்கு 14, 23 என்னும் இரண்டு எண்களையே பொருளாகக் கொள்ளலாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தால் போதும்.