குளித்துத் திரும்பினால் போதுமா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர் மக்கள் பலர் நாடும் இடம் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி. முந்தாஹாக் மலையடிவாரத்தில் அது அமைந்துள்ள ஊரின் பெயர் லொம்போங். மலாய் மொழியில் ‘லொம்போங்’ என்றால் சுரங்கம். இவ்வட்டாரத்தின் பெலெப்பா கானானில் ஈயமும் இரும்பும் தோண்டப்பட்டன.

ஊர்ப்பெயரின் பொருளை என் மாணவர்களிடம் வினவினேன். மலாய்ப் பாடத்தில் அச்சொல்லைக் கற்றவர்களே அவர்கள். எனினும், ஒருவரும் அதனை ஊரோடு பொருத்திப் பார்த்ததில்லை!

பகாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங்கைப் பாருங்கள். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. மறு ஆண்டே அங்குச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று சூரிய உதயம் காண அங்கே மலையேறுவோர், அருங்காட்சியகத்தில் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வையும் அறிந்து திரும்பலாம்.

நம்மவர் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் பலவும் இன்று பெயரளவில்தான் எஞ்சியுள்ளன. பிறர் உழைப்பின் சுவட்டைப் படிக்கத் தெரியாத பிள்ளை, தன் பாட்டனின் சுவட்டை எவ்வாறு தேடும்?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! அடுத்த முறை நீரில் இறங்குமுன், அவ்வூர்ப் பெயரின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும்.

சிந்திப்போம்.