மண்ணைப் போட்டு மூடினால் போதுமா?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'டான் காஞ்சிபுரம்', 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் மாவட்டக் கரைகளில் ஒதுங்கியது. (நம் செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான்.) வாளியால் அள்ளினார்களே, அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அள்ளிய கசடு எங்கே போயிற்று என்று எத்தனை பேர் கேட்டோம்? துறைமுக வளாகத்திலேயே குழி அமைத்து, இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவின் பாக்டீரியா முறையில் அதைச் சிதைக்கும் வேலை நடந்தது.

பாக்டீரியா எண்ணெயைத் தின்னுமா? தின்னும். சூடோமோனாஸ் போன்றவை சாதாரண மண்ணிலேயே இருக்கின்றன. எண்ணெயிலுள்ள கார்பன்தான் அவற்றுக்குச் சோறு. ஆனால் வெறும் சோறு போதாதே! காற்று, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும். அதனால்தான் எண்ணெய் மண்ணைப் பரப்பி, உரம் கலந்து, நீர் தெளித்து, அடிக்கடி கிளறிவிடுகிறார்கள்.

நம் ஊரில் நடப்பதோ நேர் எதிர். என் அப்பா மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்பவர். கழிவு ஆயிலை மணலில் ஊற்றி, மேலே நாலு கூடை மணலைத் தள்ளுவது அங்கே வழக்கம். "மணல் குடிச்சிடும்டா" என்பார்கள். குடிக்காது! மூடிய இடத்தில் காற்று குறையும், பாக்டீரியா மந்தமாகும், எண்ணெய் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் மணல் அது. எங்கள் தெருவே அதைத்தான் குடிக்கிறது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இதைச் சொன்னால் "படிச்ச புள்ள சொல்றான்" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் சிரிக்கிறார்கள்.

பாக்டீரியா பவுடரைத் தூவினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தப்பு. டீசல் ஓரளவு சீக்கிரம் சிதையும். பழைய எஞ்சின் ஆயில் மெதுவாகத்தான். அதில் கலந்த துத்தநாகம், செம்பையெல்லாம் எந்தக் கிருமியும் தின்று தீர்க்காது. ஆகவே கழிவு ஆயிலுக்கு முதலில் ஒரு டிரம் வேண்டும். பாக்டீரியா, ஏற்கெனவே சிந்தியதற்கு.

"இது பயாலஜிக்காரன் வேலை, மெக்கானிக்கல் படிக்கிற நமக்கென்னடா?" என்றான் நண்பன். காற்று செலுத்துவதும் மண் புரட்டுவதும் யார் வேலையாம்?

நம் ஒர்க்ஷாப்புக்குப் பின்னாலும் கறுத்த மண் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டாக, அடியில் பாலித்தீன் விரித்து அதில் இரண்டு பாத்தி போடலாம். ஒன்றை உரமிட்டுக் கிளறுவோம், மற்றதை மூடி வைப்போம். ஆறு மாதம் கழித்து இரண்டிலும் மிச்சமுள்ள எண்ணெயை அளப்போம். பாலித்தீனும் கொஞ்சம் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும்தான் பெரிய செலவு. சங்கம் தருமா என்று தலைவர் சொல்லட்டும்.