தையற்காரரின் கட்டைவிரல்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ தையற்கடைக்குப் போய், "அண்ணே, ரவிக்கை எப்போது கிடைக்கும்?" என்று நச்சரிக்கிறோம். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்து மணிக்கட்டை நீவிக்கொள்வதை யார் கவனிக்கிறோம்? தோட்டத்து லயங்களில் மெஷின் போட்டுத் தைத்த அக்காமார்களுக்கும், பத்து பகாட் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பெண்களுக்கும் இந்த வலி புதிதல்ல.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலிக்கும். குடத்தைத் தூக்கினாலும் துணியைப் பிழிந்தாலும் சுரீர் என்று இழுக்கும். "நரம்பு பிசகிவிட்டது" என்பார்கள். உண்மையில் அது நரம்பு அல்ல. கட்டைவிரலை விரிக்க உதவும் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் நுழைந்து செல்கின்றன. ஓயாத வேலையில் அந்த உறை தடித்துவிடுகிறது. வழி குறுகியதும் நாண்கள் உரசுகின்றன. சுவிட்சர்லாந்து அறுவை வைத்தியர் டி குர்வேன் 1895-இல் இதை விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. அதற்கு முன்பே ஆங்கிலேயர் இதைச் சலவைக்காரிகளின் சுளுக்கு என்றார்களாம். உழைக்கிற கையைத்தான் அது தேடி வருகிறது! கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் வரும்.

கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் கடுமையாக வலித்தால் இதுவாக இருக்கலாம். இரவில் விரல்கள் மரத்துப்போனால் அது வேறு நோய். அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தைலம் போட்டு முரட்டுத்தனமாக உருவி விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீங்கிய இடத்தை அழுத்தினால் வலி கூடத்தான் செய்யும். கைக்கு ஓய்வு, கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டை, சிறிது ஐஸ் ஒத்தடம், இவை முதலில். தணியாவிட்டால் டாக்டர் அந்த உறைக்குள் ஊசி போடுவார். பலருக்கு அதிலேயே குணமாகும். சிலருக்கு மட்டும் சிறிய அறுவை தேவைப்படும்.

கடையில் செய்யக்கூடியது என்ன? முதல் குற்றவாளி மழுங்கிய கத்தரிக்கோல். சாணை பிடிக்கும் கூலியை மிச்சம் பிடித்துக் கையைக் கெடுத்துக்கொள்கிறோம். துணியை மேசைமேல் கிடத்தியே வெட்டுங்கள். நான்கைந்து துணிகளை மொத்தமாக அடுக்கி வெட்டாதீர்கள். வெட்டும் வேலை முழுவதையும் ஒரே நாளில் வைக்காமல், நடுவே மெஷின் வேலையையும் காஜா வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யலாம்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இந்த வலியும் இருக்கிறது. நம் நாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ பாதுகாப்பு உண்டு. சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு 2017-இல் தனிச் சட்டம் வந்தது; ஆனால் பதிந்து சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆகவே கிளினிக்கில் "கை வலி" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடாதீர்கள். என்ன வேலை, எத்தனை வருடம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.