வோல்டேஜ் குறைந்தால் மின்கட்டணம் கூடுமா?

கோடையில் மின்விசிறி தளர்ந்து சுற்றும்போது கடலூர், சிதம்பரம் வட்டார வீடுகளில் ஒரு பேச்சு எழும்: “வோல்டேஜ் கம்மி, இந்தத் தடவை ஈ.பி. பில் எகிறப்போகுது.” இதை ஒட்டி வேறு மூன்று நம்பிக்கைகளும் உலவுகின்றன. நான்கையும் சோதிக்க இரண்டு கணக்குகள் போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும்.

1. “நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது, இங்கே வோல்டேஜ் குறையக் கூடாது.”

நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. ஆனால் அது அங்கிருந்து நேராகப் பக்கத்து ஊருக்கு வருவதில்லை. 230, 400 கிலோவோல்ட் அளவுக்கு உயர்த்தப்பட்டுத் தென்மாநிலங்களின் பொதுத் தொகுப்பில் சேர்கிறது. பின்பு துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, தெரு டிரான்ஸ்பார்மருக்கு 11 கிலோவோல்ட்டில் வருகிறது. வீட்டு வோல்டேஜைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்கு அடுத்த அரைக் கிலோமீட்டர்தான்.

தெருக்கம்பங்களில் ஓடும் வீசல் வகை அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 ஓம் மின்தடை உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசிக் கம்பத்துக்கு, போக வர 1 கிலோமீட்டர் கம்பி. அதில் 40 ஆம்பியர் ஓடினால் 40 × 0.9 = 36 வோல்ட் வழியிலேயே போய்விடும். டிரான்ஸ்பார்மரில் 230 இருந்தாலும் கடைசி வீட்டுக்கு 194தான் வந்து சேரும். நெய்வேலி அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

2. “வோல்டேஜ் குறைந்தால் பில் கூடும்.”

மேலே சொன்ன கம்பியில் 36 × 40 = 1440 வாட் வெப்பமாகக் கரைகிறது. ஆனால் அது மீட்டருக்கு வெளியே நடக்கும் இழப்பு. மின்வாரியத்தின் கணக்கில் சேருமே தவிர வீட்டுக்காரர் கணக்கில் சேராது. மீட்டர் தன்னிடம் வரும் வோல்டேஜையும் ஆம்பியரையும் சேர்த்தே அளந்து, நேரத்தோடு பெருக்கி யூனிட் காட்டுகிறது.

1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை 52.9 ஓம். வோல்டேஜ் 180 ஆனால் ஓட்டம் 3.4 ஆம்பியராகவும் திறன் 612 வாட்டாகவும் இறங்கும். 1 மணி நேரத்தில் எரியும் ஒரு யூனிட் எரிய 1 மணி 38 நிமிடம் ஆகும். துணி தேய்க்க நேரம் கூடும். அந்தக் கூடுதல் நேரத்தில் வெளியேறும் வெப்பத்தால் செலவு சற்றே உயரலாம். பில் எகிற இது காரணமாகாது.

3. “ஸ்டெபிலைசர் வைத்தால் மின்சாரம் மிச்சம்.”

ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வெளியே 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் கொடுக்க, அதாவது 1380 வாட் கொடுக்க, 170 வோல்ட் வரும் பக்கத்தில் 8.1 ஆம்பியர் இழுக்க வேண்டும். அதன் சொந்த இழப்பு தனி. சாதனத்தைக் காப்பதே அதன் வேலை. தெருவில் பல வீடுகளில் ஸ்டெபிலைசர் ஓடும்போது கம்பியில் ஓட்டம் கூடி, கடைசி வீட்டு வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

4. “வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரும் குறைவாகத்தான் இழுக்கும், ஓட்டினால் கெடுதலில்லை.”

நான்கில் பெரிய நட்டத்தைத் தருவது இதுதான். இஸ்திரிப் பெட்டிக்குப் பொருந்தும் கணக்கை மோட்டாருக்கும் நீட்டுவதால் வரும் பிழை இது. மோட்டாரில் வோல்டேஜை ஆம்பியரால் வகுத்து வரும் எண் காயிலின் மின்தடை அல்ல. சுழலும்போது உள்ளே எதிர் மின்னழுத்தம் உண்டாவதால் அந்த எண் சுமைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். குழாயில் ஏற்ற வேண்டிய தண்ணீரின் சுமையோ பெரிதாகக் குறைவதில்லை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சுமையைத் தூக்கும்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடுவதாகக் கொள்ளலாம். வெளிப்படும் திறன் 3730 வாட்; 80 சதவீதச் செயல்திறனில் உள்ளே செல்ல வேண்டியது ஏறத்தாழ 4660 வாட். திறன் காரணி 0.8 என்றால், 415 வோல்ட்டில் 8.1 ஆம்பியர் ஓடும். 340 வோல்ட்டில் 9.9 ஆம்பியர். காயிலில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே ஓட்டம் 22 சதவீதம் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். காயிலின் வார்னிஷ் கருகுவதும், பம்ப்செட்டைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போவதும் இதனால்தான்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். வயலுக்கு பில் வராது. லோ வோல்டேஜின் செலவு காயில் கட்டும் கூலியாக வருகிறது. ஸ்டார்ட்டர் பலகையிலுள்ள வோல்ட் மீட்டரைப் பார்த்த பிறகே பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் தகட்டில் பொறித்த ஆம்பியருக்கு மேல் ஏற்றி வைக்கக் கூடாது.